வேட்டிப் புற்று: இடுப்பில் தொடங்கி நெறி வரை

1945-இல் 'ஆர்க்கைவ்ஸ் ஆஃப் பேத்தாலஜி' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் பம்பாயிலிருந்து போன ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் வி.ஆர்.கானோல்கர். 1941-இல் திறக்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தை நடத்தியவர். இந்தியாவில் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர் என்று பின்னாளில் பெயர் வாங்கியவர். இன்னொருவர் பி.சூர்யாபாய். கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'பழக்கங்களோடு தொடர்புள்ள புற்று: இந்தியாவில் மூன்று புதிய வகைகள்'. அந்த வகைகளில் ஒன்றுக்கு அவர்கள் வைத்த பெயர் வேட்டிப் புற்று.

வேட்டியில் புற்றா என்று கேட்கத் தோன்றும். துணியில் ஒன்றும் இல்லை. கட்டுகிற இடத்தில்தான் விஷயம். தினமும் இடுப்பில் அதே இடத்தில், அதே இறுக்கத்தில், இருபது முப்பது வருஷம் கட்டினால் அந்த இடத்துத் தோல் முதலில் நிறம் மாறும். சிலருக்குக் கருக்கும், சிலருக்கு வெளுக்கும். பிறகு சொரசொரப்பாகித் தோல் உரியும். வெயிலும் வியர்வையும் புழுதியும் சேர்ந்தால் வெடித்துப் புண்ணாகும். ஆறும், மறுபடி வெடிக்கும். ஆறாமலே நின்றுபோன அப்படி ஒரு புண்ணில், வயதான காலத்தில், செதிள் செல் புற்று என்கிற தோல் புற்றுநோய் முளைக்கிறது. கானோல்கரும் சூர்யாபாயும் நுண்ணோக்கியில் பார்த்தது அதைத்தான்.

எனக்கு இந்தக் கட்டுரையில் பிடித்தது அவர்கள் நோயாளியின் உடுப்பைப் பார்த்தார்கள் என்பது. வெள்ளைக்காரன் எழுதிய பாடப்புத்தகத்தில் இடுப்பைச் சுற்றி வரும் தோல் புற்று என்று ஒன்று இருந்திருக்காது. அங்கே யாரும் வேட்டி கட்டுவதில்லையே.

எங்கள் ஊர் நாராயணவனம். பழைய சித்தூர் மாவட்டம், 2022-இலிருந்து திருப்பதி மாவட்டம். ஆகாசராஜன் ஆண்ட ஊர், பத்மாவதித் தாயாருக்கும் சீனிவாசப் பெருமாளுக்கும் கல்யாணம் நடந்த ஊர் என்பது தலபுராணம். கல்யாண வெங்கடேஸ்வரர் கோயில் அதனால்தான். நகரி, புத்தூர், நாராயணவனம் வட்டாரம் முழுக்கத் தறி ஓசைதான். வீட்டில் தமிழ், தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து. உலகத்துக்கே லுங்கியும் சேலையும் நெய்து கொடுக்கிற ஜனங்கள், அவர்களும் அதைத்தான் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இடுப்பில் கறுப்பாய் ஒரு வளையம் விழுவதை எங்கள் பக்கம் யாரும் நோய் என்று நினைத்ததில்லை. காய்ப்பு என்பார்கள். கை காய்ப்பு, கால் காய்ப்பு மாதிரி அதுவும் ஒன்று.

பி.காம் படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது, போகப்போகச் சொல்கிறேன். இப்போது பம்பாய்க் கட்டுரைக்கு முன்னால் கொஞ்சம் போகவேண்டும்.

1866-இல் வில்லியம் எல்ம்ஸ்லி என்ற ஸ்காட்லாந்து மிஷனரி டாக்டர் காஷ்மீரில் ஒரு விநோதத்தைக் கவனித்து எழுதினார். அங்கே குளிர்காலத்தில் ஜனங்கள் காங்கிரி என்ற ஒன்றை வைத்திருப்பார்கள். மண்சட்டியில் தணல், சுற்றிலும் பிரம்புக்கூடை. ஃபெரன் என்ற நீள அங்கிக்குள் அதை வயிற்றோடும் தொடையோடும் அணைத்துக்கொண்டு உட்காருவார்கள். வருஷா வருஷம் அந்தச் சூடு பட்டுப்பட்டு, சில சமயம் சுட்டுப் புண்ணாகி, சரியாக அந்த இடத்திலேயே, அடிவயிற்றிலும் தொடையின் உள்பக்கத்திலும் தோல் புற்று வந்தது. எல்ம்ஸ்லிக்குப் பிறகு ஸ்ரீநகர் மிஷன் மருத்துவமனையில் வேலை பார்த்த ஆர்தர் நெவ், எர்னஸ்ட் நெவ் என்ற சகோதர டாக்டர்கள் வரிசையாக இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு அறுவை செய்து, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். காங்கிரிப் புற்று என்ற பெயர் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது.

பழைய தீக்காயத் தழும்பிலும் ஆறாத புண்ணிலும் வருகிற புற்றுக்கு மார்ஜோலின் புண் என்று பொதுப்பெயர். 1828-இல் இப்படிப்பட்ட தழும்புப் புண்களை எழுதிவைத்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஜான் நிக்கோலா மார்ஜோலின் பெயரால் வந்தது. லண்டனில் பெர்சிவல் பாட் 1775-லேயே புகைபோக்கி துடைக்கும் பையன்களுக்கு விதைப்பையில் வரும் புற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே கரி, இங்கே நாடா. ஜெர்மனியில் ருடால்ஃப் விர்ச்சோ 1863-இல், புற்றுத் திசுவுக்குள் வெள்ளணுக்கள் கூடியிருப்பதைப் பார்த்து, நாள்பட்ட அழற்சி இருக்கிற இடத்தில்தான் புற்று முளைக்கிறது என்றார். 1915-இல் டோக்கியோவில் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் மாதக்கணக்கில் நிலக்கரித் தார் தடவித் தடவிப் புற்றை வரவழைத்தே காட்டினார்கள். ரசாயனப் பொருளைத் தடவிச் செயற்கையாகப் புற்றை உண்டாக்கியது அதுதான் முதல் தடவை.

ஆக, ஓயாத உறுத்தலால் தோலில் புற்று வரும் என்பது நூறு வருஷத்துக்கு முன்பே நிரூபணம். ஆனால் இதில் ஒரு பெரிய கேள்வி பாக்கி நின்றது. இடுப்பில் வந்த புண் இடுப்போடு இருந்தால் அறுத்து எறிந்துவிடலாம். பலருக்கு அதோடு முடிந்தும் போகிறது. உயிரை எடுப்பது, அது அங்கிருந்து கிளம்பிப் போவதுதான். தோல் செல் என்பது பக்கத்துச் செல்லோடு கொக்கி போட்டு ஒட்டிக்கொண்டு, பிறந்த இடத்திலேயே இருந்து உதிர வேண்டிய ஜென்மம். அதற்கு யார் காலைக் கொடுத்தது? யார் வழி சொன்னது?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி பெரியப்பா உருவத்தில் வந்தது. குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவர். வேட்டிக்கு மேல் அரைஞாண் கயிறு, அதில் சுருக்குப்பை. வலது இடுப்பில் ஒரு புண் வந்து போய் வந்து போய், கடைசியில் போகவே இல்லை. மஞ்சள், வேப்பெண்ணெய், யாரோ கொடுத்த களிம்பு. வலி இல்லை என்பதால் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. பிறகு தொடை இடுக்கில் நெறி கட்டியது. "கால்ல ஏதோ முள்ளு குத்தியிருக்கும், அதான் நெறி கட்டியிருக்கு" என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டர் புண்ணைப் பார்த்ததைவிட நெறியைத்தான் அதிக நேரம் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு பெரியப்பா இரண்டு தீபாவளி பார்க்கவில்லை.

முள் குத்தினால் நெறி கட்டும் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். காலில் காயம், தொடை இடுக்கில் வீக்கம். கையில் காயம் என்றால் அக்குளில். புற்று எப்படி அதே இடத்துக்கு, அதே மாதிரி போய்ச் சேர்ந்தது? ரயிலில் வேலைக்குப் போய் வரும் நேரத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்ததில் எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். விடை இந்த முள் சமாச்சாரத்திலேயேதான் ஒளிந்திருக்கிறது.

இதுவும் முள்ளில் தொடங்குகிற கதைதான். 1882-இல் இத்தாலியின் மெசினாவில், எல்யா மெச்னிகாஃப் என்ற ரஷ்யர் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் கூட்டமாக வந்து மொய்த்திருந்தன. உடம்பின் காவலாட்கள் நடந்து வருகிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டு சொன்னவர் அவர். 1908-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் காவலாளுக்கு "இங்கே வா" என்று சொன்னது யார் என்பது தெரிய இன்னும் நூறு வருஷம் ஆனது.

அதற்கு முதலில் அளவுகோல் வேண்டும். செல் நகர்வதை அளக்க ஒரு சின்னக் கருவி செய்தவர் ஸ்டீஃபன் பாய்டன். 1962-இல், நான் இப்போது இருக்கிற இதே ஆஸ்திரேலியாவில், கான்பெராவின் தேசியப் பல்கலைக்கழகத்தில். இரண்டு அறை, நடுவில் நுண்துளை உள்ள மெல்லிய சல்லடை. மேல் அறையில் செல்கள், கீழ் அறையில் சந்தேகத்துக்குரிய பொருள். அந்தப் பொருள் கூப்பிட்டால் செல்கள் உடம்பைச் சுருக்கிக்கொண்டு துளை வழியாகக் கீழே இறங்கும். எத்தனை இறங்கியது என்று எண்ணவேண்டியதுதான். இவ்வளவு எளிமையான கருவி, இன்றைக்கும் இதை வைத்துத்தான் உலகம் முழுக்கப் புற்றுச் செல் நகர்வதை அளக்கிறார்கள்.

1987 வாக்கில் அமெரிக்காவின் ஃபிரெடரிக், சுவிட்சர்லாந்தின் பெர்ன், ஜெர்மனியின் கீல் ஆகிய மூன்று இடங்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில், வெள்ளணுக்களைக் கூப்பிடும் ஒரு சின்னப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். இன்று அதற்கு இன்டர்லூக்கின்-8 என்று பெயர். இதே ஜாதியில் வரிசையாகப் பல வெளிவந்தன. 1992-இல் இந்தக் குடும்பத்துக்குக் கீமோகைன் என்று பெயர் வைத்தார்கள். கீமோகைன் என்பது விலாசம், அதைப் படிக்கிற கருவி செல்லின் மேல்தோலில் இருக்கும் ஏற்பி. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், கீமோகைன் ஐஎஃப்எஸ்சி கோடு. எந்தக் கிளைக்குப் போகவேண்டும் என்று அது சொல்லும், அதைப் படிக்கத் தெரிந்த செல் மட்டும் அங்கே போகும்.

இங்கேதான் கதை திரும்புகிறது. ஆன் ரிச்மண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, மெலனோமா என்ற கறுப்புத் தோல் புற்றின் செல்களை வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தச் செல்கள் தாங்களே ஏதோ ஒரு புரதத்தைச் சுரந்து தங்களையே வளர்த்துக்கொள்கின்றன என்று கண்டு, மெலனோமா வளர்ச்சி ஊக்கி என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார். 1988-இல் அதன் மரபணுவைப் படித்துப் பார்த்தபோது அது இன்டர்லூக்கின்-8-இன் சொந்தக்காரப் புரதம் என்று தெரிந்தது. வெள்ளணுவைக் கூப்பிடும் மணியைப் புற்றுச் செல் தன் வீட்டிலேயே கட்டி அடித்துக்கொண்டிருந்தது. மெலனோமா செல்கள் இன்டர்லூக்கின்-8-ஐயும் சுரக்கும் என்று பிறகு பல ஆய்வுகள் காட்டின. அதிகம் சுரப்பவை எலியின் உடம்பில் அதிகம் பரவின.

புற்று கண்ட இடத்துக்குப் போவதில்லை என்பது மட்டும் எப்போதோ தெரியும். 1889-இல் ஸ்டீஃபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மார்பகப் புற்றில் இறந்த 735 பெண்களின் பதிவேடுகளைப் புரட்டி, இது வெறும் ரத்த ஓட்டம் தள்ளிக்கொண்டு போகிற விவகாரம் அல்ல, விதைக்கு ஏற்ற மண் வேண்டும் என்றார். (பதிவேட்டைப் புரட்டியே பெரிய உண்மை கண்டுபிடித்தவர் என்பதால் எனக்கு இவர்மேல் தனி மரியாதை.) 1980-இல் இயன் ஹார்ட்டும் ஐசையா ஃபிட்லரும் அதை எலியில் சோதித்தார்கள். எலியின் உடம்பில் வேறு இடத்தில் நுரையீரல் துண்டையும் சிறுநீரகத் துண்டையும் பதியம் போட்டு, ரத்தத்தில் மெலனோமா செல்லை விட்டார்கள். இடம் மாற்றி வைத்த நுரையீரல் துண்டைப் புற்று தேடிப் பிடித்தது. சிறுநீரகத் துண்டைத் தொடவில்லை.

2001-இல் இரண்டு நூலும் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டன. அந்த வருஷம் 'நேச்சர்' இதழில் மியுல்லர், ஸ்லாட்னிக் முதலானோர் எழுதிய ஆய்வு வந்தது. மார்பகப் புற்றுச் செல்களிலும் மெலனோமா செல்களிலும் குறிப்பிட்ட சில கீமோகைன் ஏற்பிகள் மிகுதியாக இருக்கின்றன, அந்த ஏற்பிகள் படிக்கும் விலாசங்கள் சரியாக நிணநீர்க் கணு, நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களில்தான் எழுதப்பட்டிருக்கின்றன என்று காட்டினார்கள். மெலனோமாவில் கூடுதலாக ஒரு ஏற்பி, தோலின் விலாசத்தைப் படிப்பது. மெலனோமா தோலின் வேறு இடங்களிலும் போய் முளைப்பதற்கு அது காரணமாக இருக்கலாம்.

இந்த ஏற்பிகளில் சிசிஆர்7 என்று ஒன்று. நம் நெறிக் கதைக்கு அதுதான் கதாநாயகன், அல்லது வில்லன். தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்று காவல் செல்கள் இருக்கின்றன. 1868-இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் மருத்துவ மாணவராக இருந்தபோது கண்டது. கைகால் நீட்டி மரம் மாதிரி இருப்பதால் நரம்புச் செல் என்று நினைத்தார். உண்மையில் அது ஊர்க்காவல். முள் குத்தினால், கிருமி நுழைந்தால், அந்தக் கிருமியின் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு, மேலே சிசிஆர்7 ஏற்பியை மாட்டிக்கொண்டு, நிணநீர்க் குழாய் வழியாகப் பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போய்ப் புகார் கொடுக்கும். கணுவும் அதன் குழாயும் அதற்கான கீமோகைனைச் சுரந்து வழி காட்டும். கணுவில் படை திரளும், கணு வீங்கும். முள் குத்தினால் நெறி கட்டுவது இதனால்தான்.

அதே 2001-இல் இன்னொரு ஆய்வில் எலியின் மெலனோமா செல்லுக்குச் செயற்கையாகச் சிசிஆர்7-ஐ மாட்டிவிட்டுப் பார்த்தார்கள். அந்தச் செல்கள் நிணநீர்க் கணுவுக்கு மற்றதைவிடப் பல மடங்கு அதிகமாகப் போய்ச் சேர்ந்தன. சிசிஆர்7-இன் கீமோகைனைத் தடுத்தபோது பரவலும் நின்றது. மனிதர்களில் வாய், தொண்டைப் பகுதியின் செதிள் செல் புற்றிலும் சிசிஆர்7 நிறைய இருந்தால் கழுத்துக் கணுவுக்குப் பரவுவது அதிகம் என்று பிற்பாடு கண்டார்கள். போலீஸ் உடுப்பைப் போட்டுக்கொண்டு போலீஸ் வண்டியிலேயே திருடன் ஸ்டேஷனுக்குப் போகிற மாதிரி.

இது தெரிந்தபோது பெரியப்பா சொன்னது ஞாபகம் வந்தது. முள் குத்தியதால் நெறி கட்டுகிற அதே பாதைதான். பாதையில் அவர் சொன்னது சரி, போன ஆள்தான் வேறு.

இனி இரண்டாவது பாதி: செல்லுக்குக் கால் எப்படி முளைக்கிறது? இதில் வருகிற மூலக்கூறின் வரலாறு இன்னும் விசித்திரம். 1891-இல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற டாக்டர், அக்கி மாதிரிப் பரவும் எரிசிபெலஸ் என்ற தோல் தொற்று வந்த ஒரு புற்று நோயாளிக்குப் புற்றே கரைந்துபோன பழைய கேஸ் ஒன்றைப் பார்த்து, வேண்டுமென்றே நோயாளிகளுக்குக் கிருமியை ஊசி போட்டார். சிலருக்குக் கட்டி கரைந்தது. அது எப்படி என்று தேடிக்கொண்டே போய், 1975-இல் லாயிட் ஓல்ட் குழு, கிருமி நுழைந்ததும் உடம்பு சுரக்கும் ஒரு பொருள்தான் கட்டியை அழுகச் செய்கிறது என்று கண்டது. அதற்குப் புற்றை அழிக்கும் காரணி என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். சுருக்கமாக டிஎன்எஃப். பெரிய நம்பிக்கை, பத்திரிகைகளில் பெரிய செய்தி.

1999-இல் இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் பால்க்வில் குழு டிஎன்எஃப் மரபணுவே இல்லாத எலிகளை எடுத்து, தோலில் புற்று வரவைக்கும் ரசாயனங்களைத் தடவியது. புற்றை அழிக்கும் பொருள் இல்லை என்றால் புற்று கூடத்தானே வேண்டும்? குறைந்தது! டிஎன்எஃப் இல்லாத எலிகளுக்குத் தோல் புற்று வருவதே அரிதாக இருந்தது. ஒரே பொருள், ஒரே நாளில் வெள்ளமாகக் கொட்டினால் கட்டியின் ரத்தக்குழாயை உடைத்து அதைக் கொல்கிறது. சொட்டுச் சொட்டாக வருஷக்கணக்கில் சுரந்தால் புற்றுக்கு உரம் போடுகிறது. கை, காலில் வரும் சில புற்றுகளுக்கு, அந்த ஒரு உறுப்பின் ரத்த ஓட்டத்தை மட்டும் தனியாகப் பிரித்து அதில் டிஎன்எஃப்-ஐ அதிக அளவில் செலுத்தும் சிகிச்சை ஐரோப்பாவில் இருக்கிறது. அதே டிஎன்எஃப் ஆறாத புண்ணில் விரோதி.

2014-இல் ஜெர்மனியின் பான் நகரக் குழு ஒன்று இதை நகர்வோடு சேர்த்துக் காட்டியது. மெலனோமா வரும் எலிகளின் தோலில் வெயிலில் இருப்பது மாதிரிப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். தோல் கன்றியது. கன்றிய தோல் செல்கள் அபாயச் சங்கு ஊதின, வெள்ளணுக்கள் ஓடி வந்தன. தோலில் இருந்த புற்றுக் கட்டி பெரிதாகவில்லை. ஆனால் நுரையீரலில் பரவல் கூடியது. உற்றுப் பார்த்தால், வெள்ளணுக்கள் வந்த இடத்தில் மெலனோமா செல்கள் ரத்தக்குழாயின் வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டு, கொடி மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றை ஊர வைத்ததில் டிஎன்எஃப்-க்கும் பங்கு உண்டு. கட்டி வளரவில்லை, நகர்ந்தது. இரண்டும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நான் குடியிருப்பது பிரிஸ்பேனில். மெலனோமா உலகத்திலேயே அதிகம் உள்ள நாடுகளில் ஆஸ்திரேலியா முன்னணி, அதிலும் குவீன்ஸ்லாந்து முதல் வரிசை. 1981-இல் ஒரு கடல்புறா கார்ட்டூனை வைத்து, சட்டை போடு, களிம்பு தடவு, தொப்பி வை என்று பாட்டுப் பாடத் தொடங்கியவர்கள் இன்னும் நிறுத்தவில்லை. அலுவலகத்தில் வெள்ளைக்காரச் சகாக்கள் வருஷத்துக்கு ஒருமுறை உடம்பு முழுக்க மச்சம் பார்க்கப் போவார்கள். நம் ஆட்கள் "நம்ம கலருக்கு அதெல்லாம் வராது" என்று காப்பி குடிக்கப் போவார்கள். வெயிலால் வருவது நமக்குக் குறைவு என்பது உண்மைதான், மெலனின் காப்பாற்றுகிறது. அதற்காகத் தோல் புற்றே வராது என்பதில்லை. கறுத்த தோலுக்கு மெலனோமா வந்தால் உள்ளங்கால், நகக்கண் மாதிரி வெயில் படாத இடத்தில் வரும். பாப் மார்லிக்கு 1977-இல் கால் கட்டைவிரலில் கண்டது அதுதான். கால்பந்து ஆட்டத்தில் பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1981-இல் 36 வயதில் போய்விட்டார், அதற்குள் மூளைவரை பரவியிருந்தது. செதிள் செல் புற்று வந்தால், வெயிலைவிடத் தழும்பிலும் ஆறாத புண்ணிலும்தான் நமக்கு அதிகம் பயம்.

அந்த ஆறாத புண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று இப்போது ஓரளவு சொல்லலாம். தோல் கிழிந்ததும் ஓரத்துச் செல்கள் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-8 என்று சுரந்து ஆள் கூப்பிடும. வந்த வெள்ளணுக்களும் அதையே சுரக்கும். பிறகு டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொன்று வரும். அதன் உத்தரவில் புண்ணின் ஓரத்தில் இருக்கும் தோல் செல்கள் பக்கத்துச் செல்லோடு போட்டிருந்த கொக்கியைத் தளர்த்திக்கொண்டு, புண்ணை மூட நடுவை நோக்கி ஊரத் தொடங்கும். ஆம், நல்ல தோல் செல்லுக்கே நடக்கத் தெரியும். புண் ஆறுவதே அப்படித்தான். மூடியதும் சங்கு நின்றுவிடும், செல்கள் மறுபடி கொக்கி போட்டுக்கொள்ளும். நாடா தினமும் அதே இடத்தைக் கிழித்தால் சங்கு நிற்பதே இல்லை. வருஷக்கணக்கில் நடக்கச் சொல்லும் உத்தரவு. அதற்கு நடுவில் ஒரு செல்லின் மரபணு கெட்டுப்போனால், அதற்கு நடக்கப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 1986-இல் ஹெரால்ட் ட்வோரக் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணர், கட்டிகள் என்பவை ஆறாத புண்கள் என்று எழுதினார். அவர் உவமையாகச் சொன்னது. காங்கிரிக்காரருக்கும் வேட்டிக்காரருக்கும் அது எழுத்துக்கு எழுத்து நிஜம்.

2024-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழின் நோயாளிக் குறிப்புகள் பகுதியில் வார்தா, பீகார் மருத்துவர்கள் இரண்டு பெண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு 70 வயது, இடுப்பில் 18 மாதமாக ஆறாத புண், பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் வழக்கம். இன்னொருவருக்கு அறுபதுகளின் கடைசி. பாவாடை இல்லாமல் லுக்டா என்ற சேலையை இடுப்பில் இறுக்கி 40 வருஷம் கட்டியவர், புண்ணுக்கு இரண்டு வருஷம். இருவருக்கும் மார்ஜோலின் புண், செதிள் செல் புற்று. இரண்டாமவருக்குத் தொடை இடுக்கு நிணநீர்க் கணுவில் பரவியிருந்தது. சேலைப் புற்று என்று மும்பை மருத்துவர்கள் ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். இந்தத் தடவை பாவாடைப் புற்று என்று பெயர் மாற்றச் சொன்னார்கள், குற்றவாளி சேலை அல்ல, நாடா என்பதால். கானோல்கர் எழுதி 79 வருஷம் கழித்தும் அதே இடுப்பு, அதே புண், அதே நெறி. பெண்களுக்கு இது இருக்கிறது என்று கவனிக்கவே இவ்வளவு காலமானதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் இடுப்புப் புண்ணை யாரிடம் காட்டுவார்கள்?

மருந்துப் பக்கத்திலும் நகர்வு இருக்கிறது. நோய் எதிர்ப்புச் செல்களின் பிரேக்கை விடுவிக்கும் மருந்துகளுக்கு வழி திறந்ததற்காக ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018-இல் நோபல் கிடைத்தது. அதே வருஷம், முற்றிய செதிள் செல் தோல் புற்றுக்கு அந்த வகையில் செமிப்லிமாப் என்ற மருந்தை அமெரிக்கா அனுமதித்தது. 2020-இல் வந்த பெரிய ஆய்வுகளில், ரத்தத்தில் இன்டர்லூக்கின்-8 அதிகம் இருக்கும் நோயாளிகளுக்கு இந்த வகை மருந்துகள் குறைவாகவே கேட்கின்றன என்று தெரிந்தது. 1987-இல் பிடித்த அதே பழைய ஆள். அதை அடக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். செலவு நம் தறிக்காரர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. ஆனால் புண்ணாக இருக்கும்போதே ஒரு சின்னத் துண்டு எடுத்துச் சோதித்து, ஓரம் விட்டு வெட்டி எடுப்பதற்கு இந்த மருந்து எதுவும் வேண்டாம். பெரியப்பா காலத்தில் வேலூர் அல்லது சென்னை. இப்போது திருப்பதியிலேயே, 2022-இல் திறந்த வெங்கடேஸ்வரா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

போன மாதம் அம்மாவிடம் போனில் கேட்டேன், இடுப்பில் காய்ப்பு எப்படி இருக்கிறது என்று. "அது கெடக்குது, நாப்பது வருசமா. நாடாவ லூசா கட்டுனா பொடவ நிக்குமா?" என்றாள். அகலப் பட்டி வைத்த பாவாடை, அல்லது எலாஸ்டிக், முடிச்சை ஒரே இடத்தில் போடாமல் நாளுக்கு ஒரு பக்கம் மாற்றுவது, வீட்டில் இருக்கும்போது நைட்டி என்று வரிசையாகச் சொன்னேன். நைட்டிக்கு மட்டும் சம்மதம் இல்லை. உரிகிற இடம் ஏதாவது இருக்கிறதா என்று தங்கையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஆறாத புண் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. பாவாடை தைக்க அகலப் பட்டிக்குப் புத்தூரில் சொல்லியாயிற்று.